வீட்டில் ஆட்டுத்தோல் பதனிடுவது: ஆவாரம்பட்டை முறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில் கிடாவெட்டு, பக்ரீத், கறிக்கடை என்று எங்கே பச்சைத்தோல் கையில் கிடைத்தாலும் இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். அளவுகள் எல்லாம் ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு வெள்ளாட்டுத் தோலுக்கானவை. உங்கள் தோல் சிறிதானால் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள்.

கிடா வெட்டினா தோலை வீசிடுறாங்க. அதை வீட்டிலேயே பதனிட முடியுமா?

முடியும். சுண்ணாம்பு, தவிடு, ஆவாரம்பட்டை, கடுக்காய், புங்க எண்ணெய் ஆகிய ஐந்தும், இரண்டு பிளாஸ்டிக் டிரம்மும், ஒரு மாதப் பொறுமையும் வேண்டும். திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கம் "ஈ.ஐ. தோல்" என்ற பெயரில் ஏற்றுமதியான தோலின் அடிப்படை இதுதான். கிழக்கிந்தியத் தோல் என்பதன் சுருக்கம் அது. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

தீயில் வாட்டி, தோலோடு கறி போட்ட ஆடு இதற்கு ஆகாது. சூடுபட்ட தோலின் நார் ஏற்கெனவே சுருங்கி வெந்துபோயிருக்கும். தோலை உரித்து எடுத்திருக்க வேண்டும். அதுவும் கத்தியால் சீவி எடுக்காமல், கைமுட்டியை உள்ளே விட்டுத் தள்ளி உரித்ததாக இருந்தால் நல்லது. கத்திக்காயம் அப்போது கண்ணுக்குத் தெரியாது. பதனிட்டுக் காய்ந்த பிறகு அதே இடத்தில்தான் கிழியும்.

மான் தோல் இருந்தா இதே மாதிரி செய்யலாமா?

இந்தியாவில் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமான், கடமான், வெளிமான் எதையும் வேட்டையாடக்கூடாது. சாலையில் அடிபட்டு இறந்து கிடந்தாலும் அதன் தோல் அரசின் சொத்து. எடுத்து வைத்திருப்பதே குற்றம். தாத்தா காலத்தில் பூசைக்கு உட்கார்ந்த மான்தோல் வீட்டில் இருந்தால், அதற்கு உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி.

வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் மான்தோலைப் பதனிடும் முறை வேறு. அது ஆட்டுத்தோலுக்கும் பொருந்தும் என்பதால் பின்னால் தனியே சொல்கிறோம்.

தோலை வாங்கிட்டு வந்ததும் முதல்ல என்ன பண்ணணும்?

பதனிடுவதில் கெட்டுப்போகும் தோல்களில் பெரும்பாலானவை இந்த முதல் சில மணி நேரத்திலேயே கெட்டுவிடுகின்றன. நம் ஊர் வெயிலுக்கு உரித்த நாலைந்து மணி நேரத்தில் அழுகல் தொடங்கிவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் இன்னும் சீக்கிரம். ரத்தத்தையும் சாணத்தையும் தண்ணீரில் அலசி, நிழலில் வடியவிட்டு, அன்றைக்கே வேலையைத் தொடங்குவதே சிறந்தது.

தொடங்க முடியாதென்றால் உப்புப் போடுங்கள். ஒன்றரைக் கிலோ தோலுக்கு 600 முதல் 750 கிராம் கல்லுப்பு வேண்டும். நொய் அளவுக்குப் பொடித்து, சதைப்புறம் முழுக்க, முக்கியமாகக் கழுத்து, கால் மடிப்பு, ஓரங்களில் அழுத்தித் தேய்க்க வேண்டும். சரிவான பலகையில் சதைப்புறம் மேலே இருக்கும்படி விரித்தால் நீர் வடிந்து ஓடும். மறுநாள் நனைந்த உப்பை உதறிவிட்டுப் புதிதாகக் கொஞ்சம் தூவி மடித்து வைத்தால் சில வாரங்கள் தாங்கும். வெயிலில் விரித்துக் காயவைக்காதீர்கள். மேற்புறம் மொடமொடவென்று காய்ந்துவிடும், உள்ளே ஈரம் நின்று அழுகும்.

தோல் கெட்டுவிட்டதா என்று பார்க்க, வயிற்றுப் பக்கத்து மயிரை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுங்கள். சுண்ணாம்பு போடாத தோலில் மயிர் கொத்தாகக் கையோடு வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. அந்தத் தோலில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

செத்துப்போன ஆட்டோட தோலை எடுக்கலாமா?

வேண்டாம். திடீரென்று செத்த ஆடு, மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் கசிந்த ஆடு என்றால் தொடவே கூடாது. அடைப்பான் நோயாக இருக்கலாம். ஆந்த்ராக்ஸ் என்பது அதுதான். அதன் வித்துகள் உப்பிலும் வெயிலிலும் சாகாது, தோலில் இருக்கும் சிறு கீறல் வழியே மனிதருக்கு ஏறும். கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பு எவ்வளவு? எத்தனை நாள்?

உப்புத்தோலாக இருந்தால் முதலில் உப்பை நன்றாக உதறிவிட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மூன்று முறை தண்ணீர் மாற்றுங்கள். பச்சைத்தோல் போலத் தொளதொளவென்று ஆன பிறகே சுண்ணாம்புக்குப் போக வேண்டும்.

ஐந்து லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் நீற்றிய சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பும் ஆகும், கல் சுண்ணாம்பும் ஆகும். நீற்றாத கல்லைத் தண்ணீரில் போட்டால் கொதித்துத் தெறிக்கும் என்பதால் நீற்றியதையே வாங்குங்கள். சீக்கிரம் ஆகட்டும் என்று அரைக் கிலோ போடுபவர்கள் உண்டு. அதனால் பயனில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ ஒன்றரை கிராம் சுண்ணாம்புதான் கரையும். மீதி அடியில் வண்டலாகக் கிடந்து, கரைந்தது செலவாகச் செலவாக ஈடுகட்டும். ஆகவே அளவைக் கூட்டுவதைவிடக் கிளறுவதுதான் முக்கியம். காலையும் மாலையும் தோலை வெளியே எடுத்து, அடி வண்டலைக் கலக்கிவிட்டு, மறுபடி முழுக்க அமிழ்த்துங்கள். தோல் மிதந்து ஒரு மூலை காற்றில் நின்றால் அந்த இடத்தில் சுண்ணாம்பு இறுகிச் சொரசொரப்பான வெள்ளைத் திட்டாகிவிடும். அது பிறகு போகாது.

நான்கு முதல் ஆறு நாளில் மயிர் கட்டைவிரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு வரும். தோல் ரப்பர் போலத் தடித்து நீலம் கலந்த வெண்மையாகும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சுண்ணாம்புத் தண்ணீர் கண்ணில் தெறித்தால் குறைந்தது கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். சுண்ணாம்பு டிரம்மைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் மூடிவையுங்கள்.

மயிரையும் சதையையும் எப்படி எடுப்பது? கத்தி பட்டுக் கிழியாதா?

கூர்மையான கத்தி வேண்டாம். வழுவழுப்பான ஒரு மரக்கட்டையோ தடித்த பிளாஸ்டிக் குழாயோ எடுத்து இடுப்பளவு உயரத்தில் சாய்த்து வைத்து, தோலை அதன்மேல் போட்டு, உங்கள் வயிற்றால் மேல் ஓரத்தை அழுத்திக்கொள்ளுங்கள். மழுங்கிய நீளக் கத்தியை இரு கையாலும் பிடித்துக் கீழ்நோக்கித் தள்ளினால் மயிர் வந்துவிடும். கட்டையில் ஒரு சிறு கணு இருந்தாலும் அதன்மேல் தோல் அறுபடும், முன்பே இழைத்துவிடுங்கள். மயிர் போன பிறகு அதே இடத்தில் இன்னும் இரண்டு முறை அழுத்தித் தள்ளுங்கள். மயிர்வேரில் இருக்கும் கருப்பு அழுக்கு மாவு போலப் பிதுங்கி வெளியே வரும். அதை விட்டுவைத்தால் பதனிட்ட தோல் அழுக்குப் படிந்தது போலவே இருக்கும்.

திருப்பிப் போட்டுச் சதைப்புறத்தின் சவ்வையும் கொழுப்பையும் வழித்தெடுங்கள். இதற்கு மட்டும் கொஞ்சம் கூர் வேண்டும். சவ்வு நின்ற இடத்தில் பட்டைச்சாறு ஏறாது.

சுண்ணாம்பு முழுசா போயிடுச்சான்னு எப்படித் தெரியும்?

மஞ்சள்தூள் போதும். கழுத்து ஓரத்தில், தோல் அதிகம் தடித்திருக்கும் இடத்தில், ஒரு சிறு துண்டு வெட்டுங்கள். வெட்டிய விளிம்பில் மஞ்சள் கரைத்த தண்ணீரை ஒரு சொட்டு விடுங்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது போலவே, உள்ளே சுண்ணாம்பு இருந்தால் விளிம்பு சிவக்கும். பெரும்பாலும் இரு பக்கமும் மஞ்சளாக இருக்க, நடுவில் மட்டும் நூல் பிடித்தது போலச் சிவப்புக்கோடு தெரியும். கோடு மறையும்வரை வேலை முடியவில்லை.

சுண்ணாம்பைப் போக்க, முதலில் ஒரு நாளில் நாலைந்து முறை தண்ணீர் மாற்றி அலசுங்கள். பிறகு தவிட்டு ஊறல். 150 கிராம் கோதுமைத் தவிட்டை ஐந்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் முந்தின இரவே கரைத்துவைத்தால் காலையில் புளித்திருக்கும். அதில் தோலைப் போட்டு 12 முதல் 24 மணி நேரம், அவ்வப்போது கிளறிவிட்டு. புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கிறது, தோலும் தடிப்பு இறங்கிப் பட்டுப்போல ஆகிறது. கட்டைவிரலால் அழுத்தினால் தடம் அப்படியே நிற்க வேண்டும். கோடைக்காலத்தில் நாலு மணிக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். புளிப்பு வாசனை போய் அழுகல் நாற்றம் வந்தால் உடனே எடுத்து அலசிவிட வேண்டும்.

அவசரத்துக்குக் கடையில் வாங்கும் ஆசிட் எதையும் ஊற்றாதீர்கள். தோல் மறுபடி ஊதி, நார் சிதைந்து, சோப்புக்கட்டி போல வழுக்கும்.

ஆவாரம்பட்டை எங்கே கிடைக்கும்? வேறே பட்டை ஆகாதா?

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஒரு தோலுக்கு இரண்டு கிலோ உலர்ந்த பட்டை வேண்டும். வேலியோரச் செடியிலிருந்து நீங்களே எடுப்பதானால் முற்றிய குச்சிகளை வெட்டி, தட்டி உரித்து, நிழலில் உலர்த்துங்கள். தோலைப் பதனாக்குவது பட்டையின் துவர்ச்சத்துதான், அதாவது டானின். நல்ல பட்டையில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். கருவேலம்பட்டையும் கொன்றைப்பட்டையும் ஆகும். ஆனால் கருவேலம்பட்டை தோலைக் கருக்கவும் விறைக்கவும் செய்யும், கொன்றையில் துவர்ப்புக் குறைவு. நீலகிரி, கொடைக்கானல் பக்கம் கிடைக்கும் சீகைப் பட்டை, அதாவது வாட்டில், ஆவாரையைவிடத் துவர்ப்பு மிக்கது. அதைப் பாதியளவு போட்டால் போதும். மெல்லிய ஆட்டுத்தோலின் மென்மைக்கு எங்கள் தேர்வு ஆவாரைதான்.

பட்டைச்சாற்றில் எப்படி ஊறவைப்பது? ஒரேயடியாகக் கெட்டியாகப் போட்டால் சீக்கிரம் ஆகாதா?

ஆகாது. கெட்டிச் சாற்றில் நேரடியாகப் போட்ட தோலின் மேலும் கீழும் உடனே பதனாகி இறுகிக்கொள்ளும். அந்த இறுக்கத்தைத் தாண்டிச் சாறு உள்ளே போகாது. வெளியே பார்க்க அழகாக இருக்கும், நடுவில் பச்சைத்தோல் அப்படியே நிற்கும். மேற்புறமும் சுருக்கம் விழுந்து கிழவியின் கன்னம் போலாகிவிடும். நீர்த்த சாற்றிலிருந்து கெட்டிக்குப் போவதுதான் இந்தத் தொழிலின் உயிர்.

பட்டையை ஒன்றிரண்டாக இடித்து, கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவையுங்கள். கொதிக்கவைத்தால் சாறு கருக்கும். முதல் மூன்று நாளுக்கு ஆறு லிட்டரில் 300 கிராம் பட்டை. முதல் நாள் மட்டும் மணிக்கொரு முறை கிளறுங்கள், இல்லையென்றால் மடிப்பு விழுந்த இடம் திட்டுத்திட்டாக நிறம் பிடிக்கும். நான்காம் நாள் சக்கையை எடுத்துவிட்டு அதே சாற்றில் 500 கிராம் புதுப் பட்டை. எட்டாம் நாள் இன்னொரு 500. பன்னிரண்டாம் நாள் மீதி 700 கிராமையும் போட்டு, பட்டைத்தூளைத் தோலின் மடிப்புகளுக்கு இடையிலும் தூவி, மேலே கல் வைத்து அமிழ்த்தி, மேலும் ஒரு வாரம். இந்த நாட்களில் தினம் இருமுறை கிளறினால் போதும். மேலே வெள்ளையாக ஆடை படர்ந்தால் வழித்தெறிந்துவிடுங்கள், அதனால் கேடில்லை. சாறு லேசாகப் புளிப்பதும் நல்லதே.

கிராமங்களில் மாட்டுத்தோலை இப்படி டிரம்மில் போடுவதில்லை. தோலையே பைபோலத் தைத்துத் தொங்கவிட்டு உள்ளே பட்டையும் தண்ணீரும் நிரப்புவார்கள். சாறு தோல் வழியே கசிந்து சொட்டச் சொட்ட மறுபடி மேலே ஊற்றுவார்கள். கனத்த தோலுக்கு அது அருமையான வழி.

பதனாகிவிட்டது என்று எப்படி உறுதி செய்வது? கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்களே?

கொதிநீர்ச் சோதனை கிரோம் தோலுக்கானது, அதாவது குரோமிய உப்பால் பதனிட்ட தோலுக்கு. பட்டைத்தோல் எவ்வளவு நன்றாகப் பதனானாலும் 80 டிகிரியை ஒட்டிச் சுருங்கத்தான் செய்யும். அதைப் பார்த்துவிட்டு நல்ல தோலைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

முன்பு மஞ்சள் சோதனைக்கு வெட்டியது போலவே கழுத்தில் ஒரு துண்டு வெட்டி விளிம்பைப் பாருங்கள். முழுக்க ஒரே மரநிறமாக இருக்க வேண்டும். நடுவில் வெளிறிய கோடு தெரிந்தால் இன்னும் நாலு நாள். உறுதிக்கு, மூன்று பங்கு கொதிநீரும் இரண்டு பங்கு சாதாரணத் தண்ணீரும் கலந்தால் ஏறத்தாழ 70 டிகிரி வரும். அதில் துண்டை ஒரு நிமிடம் போடுங்கள். பச்சைத்தோல் கண்ணெதிரே சுருண்டு பசையாகும். பதனான தோல் அப்படியே கிடக்கும்.

கடுக்காய் எதுக்கு? ஆவாரை மட்டும் போதாதா?

தோல் பதனாக ஆவாரை மட்டுமே போதும். ஆனால் அந்தத் தோல் வெளிச்சத்தில் நாளாக ஆகச் செம்மண் நிறத்துக்கு மாறும். கடைசியில் கடுக்காய் ஏற்றினால் அது குறையும், நிறமும் இளமஞ்சளாகத் தெளியும். கொட்டை நீக்கிய கடுக்காய்த்தூள் 150 கிராமை மூன்று லிட்டர் வெந்நீரில் இரவு ஊறவைத்து, ஆறிய பிறகு, ஒரு நாள் தோலை அதில் வையுங்கள்.

காய்ந்ததும் பலகை மாதிரி விறைச்சுப் போச்சு. ஏன்?

எண்ணெய் போடாததாலோ, காயும்போது கசக்காததாலோ இருக்கும். கடுக்காயிலிருந்து எடுத்த தோலை அலசி, நீர் வடிந்ததும், ஈரம் இருக்கும்போதே மேற்புறத்தில் 40 முதல் 50 மில்லி புங்க எண்ணெயோ நல்லெண்ணெயோ உள்ளங்கையால் தேயுங்கள். ஈரம் வெளியேற வெளியேற எண்ணெய் அந்த இடத்துக்குப் போகும். காய்ந்த தோலில் எண்ணெய் ஊற்றினால் மேலேயே திட்டாக நிற்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிரில் உறைந்து வெள்ளை பூக்கும்.

நிழலில், காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். தொட்டால் ஜில்லென்று இருந்து, மடக்கினால் மடக்கிய இடம் வெளிறும் பதத்தில் எடுத்து, நாற்காலி முதுகு போன்ற மழுங்கிய மர விளிம்பில் சதைப்புறம் படும்படி போட்டு இரு கையாலும் இழுத்து இழுத்துத் தேயுங்கள். ஒரு நாளில் நாலைந்து தடவை. ஏற்கெனவே விறைத்த தோலை ஈரத்துணியில் சுற்றி இரவு முழுக்க வைத்து இதையே மறுபடி செய்யலாம். ஆனால் மடக்கியதும் மேற்புறம் நொறுங்கினால் காரணம் வேறு. சுண்ணாம்பு உள்ளே தங்கியிருக்கிறது, அல்லது வெயிலில் காய்ந்திருக்கிறது. அதைத் திருத்த முடியாது.

கறுப்பா, நீலமா கறை விழுந்திருக்கு. பூஞ்சையா?

பெரும்பாலும் இரும்பு. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. பழைய காலத்தில் கடுக்காய் மை செய்ததும் இப்படித்தான். இரும்பு வாளி, ஆணி, துருப்பிடித்த கம்பி, செந்நிறமாக வரும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எல்லாமே காரணமாகும். பட்டைச்சாற்றுக்குப் பிளாஸ்டிக், மண்பானை, எவர்சில்வர் மட்டும். முடிந்தால் மழைத்தண்ணீர். புதுக் கறையை எலுமிச்சைச் சாறு தேய்த்து உடனே அலசினால் மங்கும். ஈரத்துணியால் துடைத்தாலே வந்துவிட்டால்தான் அது பூஞ்சை.

மயிரோட, விரிப்பு மாதிரி வேணும். என்ன செய்யணும்?

சுண்ணாம்பையும் தவிட்டையும் விட்டுவிடுங்கள். சதையை வழித்து, சோப்புத் தண்ணீரில் அலசி, லிட்டருக்கு 80 கிராம் படிகாரம், 40 கிராம் உப்பு கரைத்த தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, எண்ணெய் தேய்த்துக் கசக்குங்கள். உப்பில்லாமல் படிகாரம் மட்டும் போட்டால் தோல் ஊதும். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், இது முழுப் பதன் அல்ல. தண்ணீரில் துவைத்தால் படிகாரம் கரைந்து, காயும்போது பச்சைத்தோலாகத் திரும்பிவிடும்.

மூளையைத் தேய்ச்சு மான்தோல் பதனிடுவாங்களாமே, அது எப்படி?

வட அமெரிக்காவில் சட்டப்படி வேட்டையாடிய மானுக்குச் செய்வது. மயிரை மட்டுமல்ல, மயிர்ப்புறத்து மேல்படலத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு, வெந்நீரில் கரைத்த மூளையைத் தோலுக்குள் ஏற்றிப் பிழிவார்கள். மூளையில் எண்ணெயும் அதைத் தண்ணீரோடு கலக்கவைக்கும் பொருளும் சேர்ந்தே இருக்கின்றன. முட்டை மஞ்சள்கருவும் அதே வேலையைச் செய்யும். பிறகு தோல் முழுக்கக் காயும்வரை இடைவிடாமல் இழுக்க வேண்டும். இடையில் விட்டால் விறைத்துவிடும். கடைசியில் உளுத்த மரத்தின் தழலில்லாத புகையைப் பிடிப்பார்கள். நிரந்தரமாக்குவது அந்தப் புகைதான். புகை பிடிக்காத தோல் நனைந்து காய்ந்தால் விறைத்துவிடும்.

வெள்ளாட்டுத் தோலில் இதைச் செய்யலாம். துணிபோல மெத்தென்று வரும், ஆனால் மேல்படலம் இல்லாததால் பளபளப்பு இருக்காது.

பதனிட்ட தோலைப் பறைக்கோ உறுமிக்கோ கட்டலாமா?

கூடாது. வாத்தியத்துக்குப் பதனிடாத தோல்தான் வேண்டும். மயிர் நீக்கி, சுண்ணாம்பை அலசி, ஈரத்தோடு இழுத்துக் கட்டிக் காயவிட்டால் விறைக்கும். அந்த விறைப்புதான் ஒலி. பதனிட்டது மெத்தென்று அடங்கிப்போகும்.

கிரோம் பவுடர் போட்டால் ஒரே நாளில் முடியுமே?

முடியும். ஆனால் மிச்சத் தண்ணீரைச் சுத்திகரிக்க வீட்டில் வழி கிடையாது. கிரோம் வீட்டுக்கு ஏற்றதல்ல என்று உறுதியாகச் சொல்கிறோம்.

கழிவுத் தண்ணீரை எங்கே ஊற்றுவது? தென்னைக்கு விடலாமா?

இதை எல்லாரும் கேட்க வேண்டும். பாலாற்றங்கரையில் தோல் கழிவு நிலத்தையும் கிணற்றையும் என்ன செய்தது என்பது வேலூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்றது.

வீட்டில் ஒரே ஒரு தோலைப் பதனிட்டாலும், கழிவில் மிக மோசமானது உப்புத் தண்ணீர்தான். உப்பு மக்காது, மண்ணிலிருந்து போகாது. அதனால்தான் பச்சைத்தோலை அன்றைக்கே தொடங்கச் சொன்னோம். உப்புப் போட்டிருந்தால் ஊறவைக்கும் முன் உதறி எடுங்கள், அடுத்த தோலுக்கு ஆகும். உப்புத் தண்ணீரைத் தென்னைக்கோ கிணற்றடியிலோ ஊற்ற வேண்டாம். சுண்ணாம்புத் தண்ணீரை ஒரு வாரம் திறந்துவைத்தால் காற்றுப்பட்டுச் சுண்ணாம்பு அடியில் படியும். வண்டலைக் காயவைத்துக் கட்டட வேலைக்குப் போடலாம். மேல்தண்ணீரைப் புளித்த தவிட்டுத் தண்ணீரோடு கலந்து, மஞ்சள் போட்டால் சிவக்காத நிலை வந்த பிறகே வெளியேற்றுங்கள். மயிரையும் சதை வழித்ததையும் குழியில் மண்ணோடு மூடினால் எருவாகும். நாய் தோண்டாத ஆழம் வேண்டும். பட்டைச்சக்கை காய்ந்தால் அடுப்புக்கு ஆகும். கடைசிச் சாற்றைக் கொட்டாதீர்கள், அடுத்த தோலின் முதல் மூன்று நாள் ஊறலுக்கு அதைவிட நல்ல நீர்த்த சாறு கிடைக்காது.